அம்மாவுக்கு ஒரு மின் ஷவர்: திருகோணமலை வீடொன்றில் 3.5 கிலோவாட் போதுமானது எப்படி

எங்கள் வீடு அன்புவழிபுரத்தில் இருக்கிறது. ஒரு தளம். 1998இல் வயரிங் செய்த வீடு. இருப்பது நான்கு பேர்: 74 வயது அம்மா, நான், என் கணவர், உயர்தரம் படிக்கும் மகன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். வலது கை விரல்களில் பிடிமானம் குறைந்துவிட்டது.

திருகோணமலையில் வெந்நீர் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கும்போது எங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த மாதங்களில் மதியம் பைப்பைத் திறந்தால் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரே கையைச் சுடும். ஆனால் கார்த்திகை பிறந்து அடைமழையும் வாடையும் சேர்ந்துவிட்டால், வாதக்காரருக்குக் காலைக் குளியல் ஒரு தண்டனை. அம்மா ஒவ்வொரு மாரியிலும் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, குளியலறைக்குக் கொண்டுபோய், வாளியில் விளாவிக் குளிப்பார். யாரும் எழும்புவதற்கு முன்பே தானே செய்துகொள்வது அவருடைய பழக்கம்.

போன மார்கழியில் ஒரு காலை கேத்தில் கை நழுவியது. நல்ல காலம், பாதி தண்ணீர்தான் இருந்தது. இடது பாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வெந்துவிட்டது. இரண்டு வாரம் மருந்து கட்டினோம். அந்த இரண்டு வாரத்துக்குள்தான் மின் ஷவர், அதாவது தண்ணீர் ஓடும்போதே சூடாக்கித் தருகிற ஹீற்றர், பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததையும் அளந்ததையும் இடையில் செய்த பிழைகளையும் எழுதிவைக்கிறேன். இதே நிலையில் இருக்கிற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து இருக்கின்றன.

எல்லோரும் சொன்ன எண்

யாரைக் கேட்டாலும் முதலில் வாட் கணக்குத்தான் வந்தது. லண்டனில் இருக்கும் அக்கா, "9.5 கிலோவாட்டுக்குக் குறையாமல் எடு, இல்லையென்றால் அம்மா நடுங்குவா" என்றா. நுவரெலியாவில் வேலை செய்யும் என் கணவரின் தம்பி, "3.5 வேலைக்கு ஆகாது அண்ணி, நாங்கள் போட்டுக் கழற்றிவிட்டோம், 5.5 ஆவது வேண்டும்" என்றார். நகரில் உள்ள ஹாட்வெயார் கடையில் 3.5 போதும் என்றார்கள், ஏன் என்று கேட்டதற்கு "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்பதுதான் பதில்.

மூன்று பேரில் யாரையும் சந்தேகிக்க முடியவில்லை. அக்காவும் தம்பியும் தங்கள் வீட்டில் பார்த்ததைத்தான் சொன்னார்கள். குழப்பத்தைத் தீர்த்தது மகனின் பௌதிகவியல் கொப்பி.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 3.5 கிலோவாட் ஹீற்றர் ஒரு நிமிடத்தில் 210 கிலோஜூல் கொடுக்கும். 210ஐ 4.2ஆல் வகுத்தால் 50. அதாவது, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது என்பதையும் எத்தனை பாகை சூடேறுகிறது என்பதையும் பெருக்கினால் 50 வரும். ஐந்து லீற்றர் ஓடினால் 10 பாகை ஏறும். இரண்டு லீற்றர் ஓடினால் 25 பாகை ஏறும். வேகமாகவும் வேண்டும், நல்ல சூடாகவும் வேண்டும் என்றால் அது நடக்காது, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இதே கணக்கில் 5.5 கிலோவாட்டுக்கு வருவது 79. 9.5 கிலோவாட்டுக்கு 136.

அப்படியானால் தெரிய வேண்டியது இரண்டு. எங்கள் தண்ணீர் எவ்வளவு குளிர், அம்மாவுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

முதலாவதை மகன் பன்னிரண்டு நாள் அளந்தான். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குளியலறைப் பைப்பைத் திறந்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, குவளையில் பிடித்து வெப்பமானியை வைப்பான். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்த ஒரு காலையில் 25 பாகை. அதற்குக் கீழே போகவில்லை. மற்ற நாட்களில் 26, 27.

இரண்டாவதை அம்மாவிடம் கேட்டபோது, "கன்னியாவில் ஊற்றுகிற மாதிரி இருந்தால் போதும் பிள்ளை" என்றா. அப்பா இறந்த பிறகு அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனது அவவுக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அங்கே ஏழு கிணறுகளும் ஏழு விதச் சூடு. அவ சொன்னது எந்தக் கிணறு என்று நாங்கள் விவாதிக்கவில்லை. வாளியில் விளாவிக் கொடுத்து, "இது சரி" என்று அவ சொன்னதும் வெப்பமானியை வைத்தோம். 39 பாகை.

26இலிருந்து 39க்கு ஏற வேண்டியது 13 பாகை. 50ஐ 13ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 3.8 லீற்றர். அம்மா வழக்கமாக ஒரு குளியலுக்குப் பாவிப்பது 20 லீற்றர் வாளி ஒன்று. ஆறு நிமிடம் ஓடினால் அதைவிடக் கூடவே கிடைத்துவிடும்.

இப்போது அக்கா சொன்னதைப் பாருங்கள். ஜனவரியில் லண்டன் பைப்பில் 6 பாகைத் தண்ணீர் வந்தால், 39க்கு 33 பாகை ஏற வேண்டும். 136ஐ 33ஆல் வகுத்தால் 4.1 லீற்றர். லண்டனில் 9.5 கிலோவாட் கொடுக்கிற குளியலை எங்கள் ஊரில் 3.5 கிலோவாட் கொடுக்கிறது, வித்தியாசம் நிமிடத்துக்கு 0.3 லீற்றர்தான். நுவரெலியாவில் தாங்கித் தண்ணீர் 15 பாகை என்று வைத்தால், 3.5இல் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர்தான் வரும், அது நூல் மாதிரி ஒழுகும். தம்பி கழற்றியது சரி. அக்கா சொன்னதும் அவ வீட்டுக்குச் சரி. ஹீற்றரின் அளவைத் தீர்மானிப்பது ஊரின் தண்ணீர். எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்ட இரவு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு திருத்தம் மட்டும். பெட்டியில் 3.5 என்று போட்டிருப்பது எத்தனை வோல்ட்டுக்கு என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் 240 வோல்ட்டுக்கு என்று இருக்கும். எங்கள் மின்சாரம் 230. வலு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் அந்த ஹீற்றர் இங்கே 3.2தான் கொடுக்கும். மாலையில் வோல்ட் இறங்கினால் இன்னும் குறையும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு 215 வரை இறங்குவதை அளந்தோம். 230க்கு எழுதிய 3.5 ஹீற்றர் 215இல் 3.06 ஆகிவிடும், அந்த 50 வெறும் 44 ஆகும். 13 பாகைக்கு அப்போதும் 3.4 லீற்றர் கிடைக்கும், அதனால் பயமில்லை.

தண்ணீரின் அழுத்தம்

தாங்கியின் அடி நிலத்திலிருந்து 4.2 மீற்றர். அம்மா கதிரையில் இருந்து குளிப்பவர் என்பதால் கை ஷவரை 1.5 மீற்றர் உயரத்தில் மாட்டத் திட்டமிட்டோம். இடையில் 2.7 மீற்றர் நீர், அதாவது 0.27 பார் அழுத்தம். அக்கா அனுப்பிவைக்கிறேன் என்ற மாதிரிகளுக்கு ஒரு பார் அளவு தேவை. அதற்குத் தாங்கியை ஷவருக்குப் பத்து மீற்றர் மேலே வைக்க வேண்டும். கடையில் இருந்தவற்றில் ஒன்று 0.1 பாரிலேயே வேலை செய்யத் தொடங்கும் என்று போட்டிருந்தது. இன்னொன்று உள்ளேயே பம்ப் வைத்தது. பம்ப் உள்ளதைக் கடைக்காரர் வற்புறுத்தினார். எங்கள் உயரத்துக்கு அது தேவையில்லை. உப்புத் தண்ணீரில் பழுதாகக்கூடிய ஒரு பாகத்தைக் கூட்டி வாங்க நான் விரும்பவில்லை. தாங்கி கூரையோடு ஒட்டியிருக்கிற வீடென்றால் பம்ப் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

ஏர்த் கம்பி

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

3.5 கிலோவாட்டை 230ஆல் வகுத்தால் 15.2 அம்பியர். சுவரில் இருக்கிற சதுர முள் பிளக் 13 அம்பியருக்குத்தான். இருந்தும் ஒரு கடையில், "பிளக் பூட்டித் தருகிறோம், செருகினால் சரி" என்றார்கள். நாளுக்குப் பத்து நிமிடம்தானே என்று எண்ணத் தோன்றும். பிளக்கும் அதன் பின்னால் உள்ள பழைய வயரும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கருகுவது வெளியில் தெரியாது. எனவே மெயின் பெட்டியிலிருந்து ஹீற்றருக்கென்று தனி வயர் இழுக்க முடிவுசெய்து, ஊரில் வயரிங் செய்கிற ஒரு தம்பியை வரச் சொன்னோம்.

அவர் குளியலறைக்குள் போகவே இல்லை. படியேறியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏர்த் கம்பி எங்கே அக்கா?"

கசிகிற மின்னை மண்ணுக்குள் கொண்டுபோக நிலத்தில் அடித்திருக்கிற கம்பி அது. எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் தெரிந்தது. குசினிக்குப் பின்னால், வாழை அடியில். மண்ணைக் கிளறிப் பார்த்தால் கம்பியைப் பிடித்திருந்த கிளம்ப் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பேறியிருந்தது. தம்பி விரலால் தொட்டதும் வயர் கழன்று கையோடு வந்தது. கடற்காற்றும் உப்பு மண்ணும் எத்தனை வருடத்துக்கு முன்பு அந்தத் தொடுப்பைத் தின்றன என்று யாருக்கும் தெரியாது. பிறகு மெயின் பெட்டியில், மின் கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் விழவில்லை.

அதாவது, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் நாங்கள் ஏர்த் இல்லாமல், காப்பாற்ற ஒரு சுவிட்சும் இல்லாமல் பாவித்திருக்கிறோம். அந்த நிலையில், நனைந்த வெறும் காலோடு அம்மா இருக்கிற கதிரைக்கு மேலே 15 அம்பியர் இழுக்கிற ஒரு பெட்டியை நான் மாட்டியிருப்பேன். அன்று மாலை முழுக்க எனக்கு அதே நினைவுதான்.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்றால், போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடுகளுக்கு உரியது, வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தாண்டுவதற்குள் வெட்டிவிடும். ஏர்த் நன்றாக இருந்தால், ஹீற்றருக்குள் கசிவு வந்த உடனே மின்னோட்டம் ஏர்த் வழியாகப் போகும், யாரும் தொடுவதற்கு முன்பே சுவிட்ச் விழும். ஏர்த் இல்லையென்றால் கசிவு காத்திருக்கும். அது வெளியேற வழி கிடைப்பது ஒருவர் தொடும்போதுதான். அப்போதும் சுவிட்ச் விழும், ஆனால் அதிர்ச்சி உடம்புக்குள் போன பிறகு. எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை.

சில ஹீற்றர்களுக்குள்ளேயே ஒரு ட்ரிப் சுவிட்ச் வருகிறது. நல்லதுதான், ஆனால் வீட்டு மெயின் பெட்டியில் உள்ளதற்குப் பதிலாக அதை நம்பக்கூடாது. ஹீற்றருக்கு வருகிற வயரில் ஏற்படுகிற பழுதை அதால் பார்க்க முடியாது.

செய்த வேலைகள்: செப்புப் பூசிய புதிய ஏர்த் கம்பிகள் இரண்டு. மணல் நிலம், கச்சான் காலத்தில் நன்றாகக் காய்ந்துவிடும் என்பதால் ஒன்று போதாது என்று தம்பி சொன்னார். இரண்டையும் இணைத்து மீற்றரில் பார்த்தபோது 28 ஓம் காட்டியது. புதிய 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். மெயின் பெட்டியிலிருந்து 14 மீற்றருக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர், அதற்கென்று 20 அம்பியர் பிரேக்கர். குளியலறைக் கதவுக்கு வெளியே, இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டுகிற, சிவப்பு விளக்கு எரிகிற சுவிட்ச். செலவைப் பார்த்தால், ஹீற்றரின் விலையைவிட இந்த வேலைகளுக்குத்தான் கூடப் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

எங்கள் இணைப்பு 30 அம்பியர். ஷவர் 15, கேத்தில் 8, கிணற்று மோட்டர் 5, மற்றவை கொஞ்சம். எல்லாம் ஒன்றாக ஓடினால் எல்லையில் நிற்கும். அதனால் அம்மா குளிக்கும்போது கேத்திலும் ஸ்திரிப்பெட்டியும் போடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். 5.5 வாங்கியிருந்தால் அது ஒன்றே 24 அம்பியர். 9.5 என்றால் 41, இணைப்பையே மாற்ற வேண்டும்.

விட்டுவிட்ட வழிகள்

சூரிய வெந்நீர்த் தொகுதி எங்கள் ஊருக்கு ஏற்றது போலத் தெரியும். ஆனால் வெந்நீர் தேவைப்படுவதே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைமழை காலத்தில், அப்போது சூரியனைக் காண்பதே அரிது. சூரியன் நன்றாக இருக்கும்போது வெந்நீர் வேண்டாம். கேஸ் ஹீற்றரை, ஜன்னல் சிறிய எங்கள் குளியலறையில் காபன் மொனொக்சைட் நச்சு வாயுவை நினைத்து உடனே விட்டோம். பிரேசிலில் பரவலாக உள்ள, ஷவர் தலைக்குள்ளேயே கம்பிச் சுருள் வைத்த மலிவான வகையும் இப்போது இங்கே கிடைக்கிறது. அதில் சுருள் தண்ணீரில் நேரடியாகக் கிடக்கிறது. உப்புக் கலந்த தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்தும். கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் நாங்கள் பாவிப்பது உவர்க் கிணறு. எங்கள் வீட்டுக்குள் அது வரக்கூடாது.

சேமிப்புக் கீசர் மட்டும் உண்மையான போட்டி. 15 லீற்றர், 1.5 கிலோவாட் என்றால் ஆறரை அம்பியர்தான். 26இலிருந்து 60 பாகைக்கு ஏற 24 நிமிடம் எடுக்கும், விளாவினால் 39 லீற்றர் வரை வரும். தனி வயர் இழுக்க வழியில்லாத, வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்த்த பிறகு. எங்களுக்கு அது சரிவராததற்குக் காரணம் சுவர். குளியலறைச் சுவர் உள்ளீடற்ற சீமெந்துக் கல், தண்ணீர் நிரம்பிய தாங்கியின் பாரத்தை அதில் தொங்கவிட மேசன் சம்மதிக்கவில்லை. இன்னொன்று, 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை ஆழமாக வேக வைக்கும். கேத்திலால் வெந்த காலைப் பார்த்த பிறகு, அவ்வளவு சூடான தண்ணீரை அம்மாவின் கைக்கெட்டுகிற பைப்பில் வைக்க மனம் வரவில்லை.

பூட்டிய பிறகு நடந்தது

முதல் பிழை முதல் நாளே. பிளம்பர் பழக்கத்தில் ஹீற்றருக்கும் கை ஷவருக்கும் இடையில் ஒரு அடைப்பு வால்வு போட்டிருந்தார். ஷவரை அங்கே மூடுவது வசதி என்று நினைத்திருப்பார். இந்த வகை ஹீற்றரில் வெளிவாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும், கட்டுப்பாடு உள்ளே வருகிற பக்கத்தில்தான். வெளிவாயை மூடினால், சூடான தண்ணீர் போக வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறும். கையேட்டில் படத்தோடு இருந்ததை மகன்தான் கண்டான். அன்றே கழற்றினோம்.

இரண்டாவது எங்களைக் கூடுதலாக அலைக்கழித்தது. பூட்டி ஐந்தாம் நாள் இரவு, கடும் மழையில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. ஹீற்றரில்தான் பழுது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். கதவுக்கு வெளியே உள்ள சுவிட்சை நிறுத்திய பிறகும் அது விழுந்துகொண்டே இருந்தது. காலையில் வயரிங் தம்பி வந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றச் சொன்னார். கிணற்று மோட்டரின் பிளக்கைக் கழற்றியதும் சுவிட்ச் விழாமல் நின்றது. மோட்டரின் வயர் சேர்கிற பெட்டிக்குள் மழைநீர். "இது இன்றைக்கு வந்த கசிவில்லை அக்கா, பழைய சுவிட்ச் செத்திருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை" என்றார். மகன் எத்தனை மழை நாட்களில் அந்த மோட்டரின் பைப்பைக் கையால் திருப்பியிருப்பான் என்று எண்ணிப் பார்த்தேன்.

பாவனை பற்றி. ஹீற்றர் பூட்டிய பிறகு கை ஷவரில் நிமிடத்துக்கு 3.4 லீற்றர் வருகிறது, வாளி வைத்து நேரம் பிடித்தோம். வெளிவரும் தண்ணீர் முழுத் திறப்பில் 40 பாகை. அம்மா சூட்டுக் குமிழைச் சற்றே கூட்டிக் குறைத்து 38, 39இல் குளிக்கிறா. ஏழு நாளில், அவருடைய ஏழு குளியலுக்கு, மீற்றரில் ஏறியது ஏறத்தாழ 3 அலகு. கேத்திலில் இரண்டு தரம் கொதிக்க வைத்தாலும் ஒரு வாளிக் குளியலுக்கு 0.3 அலகுதான் போகும், ஷவரில் ஒரு குளியலுக்கு 0.4. கேத்தில்தான் சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலகு கூடக் கூட விலை ஏறும் கட்டண முறையில், மாதத்துக்கு மூன்று அலகு மேலதிகம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாங்கள் மற்ற மூவரும் பாவிக்கத் தொடங்கினால் கணக்கு வேறாகிவிடும். மகனிடம் அதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாதம் முதல் தேதி டெஸ்ட் பொத்தானை அழுத்துவது இப்போது அம்மாவின் பொறுப்பு. அவவே கேட்டு வாங்கிக்கொண்டா. உள்ளே வருகிற குழாயில் உள்ள வலைச் சல்லடையை நான் கழுவுகிறேன், இரண்டு தரமும் மணலும் துருவும் இருந்தன. மே மாதம் வாழை அடியைத் தோண்டி ஏர்த் கிளம்பைப் பார்த்தோம். பூசிவிட்ட கிரீஸ் அப்படியே இருந்தது, களிம்பு இல்லை. கை ஷவரில் ஐந்து துளை வெள்ளையாக அடைபட்டிருந்தது. ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் தூரிகையால் தேய்த்தோம். நான்கு திறந்துவிட்டது. ஐந்தாவதை அம்மா ஊசியால் குத்தித் திறந்தா.